கார்டு ஊரில், வயிறு இங்கே

நம் சங்கக் கூட்டங்களில் அரசியல் பேசுவதில்லை என்பது எழுதப்படாத விதி. அரிசி பேசலாம் அல்லவா? அந்தத் துணிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சமீபத்தில் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது இரு நண்பர்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. ஒருவர், "எல்லா அதிகாரத்தையும் டில்லியிலேயே பூட்டி வைத்துக்கொண்டால் ஏழைக்கு எப்படிப் போய்ச் சேரும்? பஞ்சாயத்து, முனிசிபாலிட்டி என்று கீழே கொடுத்துவிட வேண்டும்" என்றார். மற்றவர் சிரித்துக்கொண்டே, "கீழே கொடுத்தால் கீழே இருக்கிறவன் தின்றுவிடுவான் சார், அவ்வளவுதான்" என்றார். நாற்பது வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரில் இருப்பவன் என்ற முறையில் இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே இருவர் சொன்னதும் சரி என்பேன். ஆனால் இருவருமே சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு: எங்கிருந்தோ பிழைக்க வந்தவனுக்குக் 'கீழே' என்பது எந்த ஊர்?

நான் 1981இல் செகந்திராபாத்துக்கு மாற்றலாகி வந்தேன். 1983 ஜனவரியில் என்.டி.ராமராவ் முதலமைச்சரானார். அந்த ஏப்ரல் 14 முதல் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி. 'ரெண்டு ரூபாயலகே கிலோ பிய்யம்' என்ற அந்த வாசகத்தைத் தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்ட தமிழர்கள் நம்மில் எத்தனையோ பேர். பிறகு அந்த விலை பட்ட பாடு ஒரு தனிக் கதை. இடையில் மூன்றரை ரூபாயாயிற்று. 1994 டிசம்பரில் ராமராவே திரும்பி வந்ததும் மறுபடி இரண்டு. 1996இல் சந்திரபாபு நாயுடு காலத்தில் மூன்றரை. 2008இல் ராஜசேகர ரெட்டி இரண்டாக்கினார். 2011இல் கிரண்குமார் ரெட்டி ஒன்றாக்கினார். இத்தனை மாற்றமும் டில்லியில் நடந்ததல்ல. ஹைதராபாத் தலைமைச் செயலகத்தில் ஒரு கையெழுத்து. அதற்கேற்ப ஏழை வீட்டு உலை. மாநிலத்துக்கு அதிகாரம் இருந்தால் கொடுக்கவும் முடியும், குறைக்கவும் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ராமராவ் செய்த இன்னொரு காரியம் அரிசியளவு பேசப்படுவதில்லை. 1984இல் கரணம், முன்சீப் என்ற பரம்பரைக் கிராம அதிகாரிகளை ஒரே வீச்சில் ஒழித்தார். நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு, முந்நூற்றுச் சொச்சம் தாலுகாக்களைக் கலைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களாக்கினார். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் ஐம்பது கிலோமீட்டர் பஸ் பிடித்துப் போன குடியானவனுக்கு ஆபீஸ் பக்கத்து ஊருக்கே வந்தது. கூலியை விட்டுவிட்டு ஒரு நாள் அலைகிறவனுக்குத் தூரம் என்பதே ஒரு வரி. அந்த வரி குறைந்தது.

இது கிராமத்துக் கதை. நாம் இருப்பது நகரத்தில். அதற்கு வருவோம்.

ஹைதராபாத் மாநகராட்சிக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல பெயர் இருந்தது என்றால் இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள். 1967இல் இங்கே நகர்ப்புறச் சமுதாய வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று தொடங்கப்பட்டது. மாநகராட்சியின் சமுதாய அமைப்பாளர்கள் குடிசைப் பகுதிகளுக்கு, அதாவது பஸ்திகளுக்கு, நேரே போய் உட்கார்ந்து பேசுவார்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பதுதான் முதல் வேலை. பஸ்தியாரே குழு அமைப்பார்கள். பால்வாடி, தையல் வகுப்பு, பிறகு பட்டா, பிறகு வங்கிக் கடனில் சொந்த உழைப்பால் வீடு என்று ஒவ்வொன்றாக வந்தது. யுனிசெப் உதவியது, 1983 முதல் பிரிட்டிஷ் அரசின் உதவியும் குடிசைப் பகுதி மேம்பாட்டுக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் இதைப் பார்க்க வந்தார்கள். யாருக்கு வீடு ஒழுகுகிறது, எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பது அந்தத் தெருக்காரருக்குத்தான் தெரியும் என்ற எளிய உண்மையின் மீது கட்டப்பட்ட வேலை அது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம் என்றது. வறுமை ஒழிப்பும் குடிசைப் பகுதி மேம்பாடும் நகராட்சியின் பொறுப்பாகலாம் என்று பன்னிரண்டாவது அட்டவணையில் எழுதியது. நாடு முழுவதும் அதிகாரப் பரவல் என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். அப்போது ஹைதராபாத் மாநகராட்சியில் தேர்ந்தெடுத்த ஒரு கார்ப்பரேட்டர்கூட இல்லை! 1986இல் தேர்தல் நடந்தது. அந்தச் சபையின் காலம் 1991இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2002இல். நடுவில் ஏறக்குறைய பதினோரு வருஷம் தனி அதிகாரியின் ஆட்சி. எங்கள் தெருவில் குழாய் வரவில்லை என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியாமல் நின்ற காலம் அது.

நம்மவர் நிறையப் பேர் வசிக்கும் செகந்திராபாத் கண்டோன்மென்ட் பகுதியோ மாநகராட்சியிலேயே சேராமல் இருந்துவந்தது. அதன் வாரியம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். அங்கே உறுப்பினர் தேர்தல் நடந்தது 2015 ஜனவரியில்; 2023இல் அறிவித்த தேர்தலும் ரத்தாயிற்று. தெருவிளக்குக்கே டில்லியைப் பார்க்க வேண்டிய இடத்தில் வறுமை ஒழிப்பை எங்கே போய்க் கேட்பது? தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கேயும் 2016இல் உள்ளாட்சிகளின் காலம் முடிந்த பிறகு, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது.

சட்டத்தைப் புரட்டும்போது இன்னொன்று கண்ணில் படும். கிராமங்களுக்கான பதினோராவது அட்டவணையில் 'பொது விநியோக முறை' ஓர் இனமாக இருக்கிறது. நகரங்களுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் அது இல்லை. அதாவது பஞ்சாயத்துக்கு ரேஷனைப் பற்றிப் பேச உரிமை தரலாம். மாநகராட்சிக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. நகரத்தில் பசி இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ!

நிற்க. எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள். வந்து ஒன்பது வருஷமாகிறது. இரண்டு பிள்ளைகள். கணவரின் தாயார் ஊரில் இருக்கிறார். ஒரு நாள் அந்தப் பெண் துணி கொடுக்க வந்தபோது, "ஐயா, எங்க ஊரு கார்டுக்கு இங்க அரிசி போடுவாங்களாமே, மேஸ்திரி வூட்டுல வாங்குறாங்க, எங்களுக்கு மட்டும் மிசின்ல வரலன்றாங்க" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி வாங்கும் வசதி முதன்முதலில் 2019 ஆகஸ்டில் தெலங்கானாவுக்கும் ஆந்திராவுக்கும் இடையிலும், மகாராஷ்டிராவுக்கும் குஜராத்துக்கும் இடையிலும்தான் தொடங்கிற்று. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. கொரோனாக் காலத்தில் தொழிலாளிகள் நெடுஞ்சாலையில் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். நாக்பூர் சாலையில் மேட்சல் பக்கம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போன நம் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அதன் பிறகு எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31க்குள் இதைச் செயல்படுத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டது. ஆகவே விரல் வைத்தால் அரிசி வர வேண்டும்.

"தம்பி, கார்டைக் காட்டுங்கள்" என்றேன். கைப்பேசியில் படம் வைத்திருந்தார். பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அதில் 'என்.பி.எச்.எச்.' என்று இருந்தது. அதாவது முன்னுரிமை இல்லாத குடும்பம்.

இதை எப்படி அவர்களுக்கு விளக்குவது? தமிழ்நாட்டில் அந்த எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. 1997இல் மத்திய அரசு, ஏழைக்கு ஒரு விலை, மற்றவர்க்கு ஒரு விலை என்று ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு மட்டும் எல்லோருக்கும் பொது என்று உறுதியாக நின்றது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. தமிழ்நாடு 2016 நவம்பரில் அதில் சேர்ந்தபோதும் யாருடைய அரிசியையும் நிறுத்தவில்லை. மத்திய அரசு கணக்கில் வருவது மக்கள்தொகையில் சுமார் பாதிப் பேர். மீதிப் பேருக்கு மாநிலம் தன் கைக்காசைப் போட்டு அரிசி கொடுக்கிறது. முன்னுரிமைக் கார்டானாலும் முன்னுரிமையற்ற அரிசிக் கார்டானாலும் 2011 முதல் அரிசி இலவசம். கார்டு பிரித்த அன்று எந்தப் பட்டியலில் பெயர் ஏறியது என்று அந்தக் குடும்பம் கவலைப்பட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

ஆனால் எல்லை தாண்டியதும் அந்த மூன்றாம் பேர் அறியாத எழுத்துதான் தலையெழுத்து. ரயிலேறி வருவது மத்திய அரசின் அரிசி மட்டுமே. மாநிலத்தின் அரிசி காட்பாடியோடு இறங்கிவிடுகிறது. தமிழ்நாட்டின் தாராளம் தமிழ்நாட்டுக்குள்ளே மட்டும்தான் தாராளம்! கொடுத்த மாநிலத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேஸ்திரி வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் மேஸ்திரிக்குத்தான் கொஞ்சம் கூடுதல்.

"அப்போ இங்கேயே கார்டு எடுத்துடலாமா சார்?" என்றார் கணவர். தெலங்கானாவில் பல வருஷக் காத்திருப்புக்குப் பிறகு 2025இல் புதிய கார்டுகள் வழங்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு யுகாதி முதல் தலைக்கு ஆறு கிலோ சன்ன அரிசி. ஆசைப்படத் தக்கதுதான். ஆனால் இங்கே பெயர் சேர்க்க வேண்டுமானால் அங்கே பெயரை நீக்க வேண்டும். அங்கே நீக்கினால் பொங்கல் பரிசு போகும், 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் போகும், ஊரில் வைத்தியத்துக்குப் போனால் காப்பீட்டுக்குக் காட்டக் கார்டு இருக்காது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "கார்டு ஊர்ல இருக்கு, வயிறு இங்க இருக்குங்கய்யா" என்றார். இந்தக் கட்டுரைக்கு நான் தலைப்புத் தேட வேண்டியிருக்கவில்லை.

இது நமக்கு மட்டும் வந்த சங்கடமல்ல. இங்கிலாந்தில் 1601இல் எலிசபெத் ராணி காலத்து ஏழைகள் சட்டம், ஏழைகளைக் காப்பாற்றும் பொறுப்பை ஒவ்வொரு தேவாலய வட்டத்தின் தலையிலும் வைத்தது. அந்தந்த ஊர், அந்தந்த ஊர் வரி, அந்தந்த ஊர் ஏழை. இதைவிட அதிகாரப் பரவல் ஏது? விளைவு என்ன? வெளியூர் ஏழை வந்து நம் பணத்தைத் தின்றுவிடுவான் என்று ஒவ்வோர் ஊரும் பயந்தது. 1662இல் குடியிருப்புச் சட்டம் என்று ஒன்று போட்டு, பின்னால் பாரமாகக் கூடியவன் என்று தோன்றுகிறவனைச் சொந்த வட்டத்துக்குத் திருப்பி அனுப்பலாம் என்றார்கள். பிள்ளை இங்கே பிறந்தால் இந்த ஊர்க் கணக்கில் சேர்ந்துவிடும் என்று கர்ப்பிணிகளை எல்லைக்கு அப்பால் தள்ளியதும் உண்டு. ஆடம் ஸ்மித் 1776இல் இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். வேலை இருக்கிற ஊருக்கு ஏழை போக முடியாமல் செய்தால் வறுமை எப்படிக் குறையும் என்பது அவர் கவலை. அமெரிக்காவிலும், புதிதாகக் குடிவந்தவருக்கு ஒரு வருஷம் உதவி கிடையாது என்று சில மாநிலங்கள் வைத்திருந்த விதியை 1969இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டியிருந்தது.

அதற்காக எல்லாவற்றையும் டில்லியே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்ல என்னால் முடியாது. நம் கதையே வேறு சொல்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. லண்டனும் சொல்லவில்லை, டில்லியும் சொல்லவில்லை. பிறகு கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவு கூடாதென்று மேலிருந்த அரசாங்கம் தடை போட, அது நின்றது. 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர். என்று அது மாநிலமெங்கும் பரவி, 1995இல் மத்திய அரசே நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. காலைச் சிற்றுண்டியும் 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கி, 2023 அக்டோபரில் இங்கே தெலங்கானாவிலும் தொடங்கப்பட்டது. ஒரு வார்டில் முளைத்தது நாடெங்கும் மரமாயிற்று. தியாகராயர் மேலே கேட்டு உத்தரவுக்குக் காத்திருந்தால் நடந்திருக்குமா?

கேரளம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத்தின் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தார்கள். பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் வார்டு வார்டாகத் தேடி 64,006 குடும்பங்களை மிக வறியவை என்று கண்டுபிடித்தன. ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு ஓர் அடையாள அட்டை என்று குடும்பத்துக்குக் குடும்பம் தனித் திட்டம். 2025 நவம்பர் 1 அன்று மிக வறிய குடும்பமே இல்லை என்று அரசு அறிவித்தது. எண்ணிக்கையில் சந்தேகம் எழுப்பிய அறிஞர்களும் உண்டு. எனக்கு அந்த அறிவிப்பைவிடத் தேடிய முறைதான் பிடித்திருக்கிறது.

பக்கத்து ஆந்திராவில் 2019இல் கிராமத்தில் ஐம்பது வீட்டுக்கு ஒரு தொண்டர் என்று நியமித்தார்கள். மாதம் முதல் தேதி விடியற்காலையில் கிழவிக்குப் பென்ஷன் வீட்டு வாசலில் வந்தது. நல்ல காரியம். ஆனால் அந்தத் தொண்டருக்கு எந்த வீட்டில் யார் எந்தக் கட்சி என்பதும் தெரியும் என்று புகார் எழுந்து, 2024 தேர்தல் சமயத்தில் தேர்தல் கமிஷன் அவர்களை ஒதுக்கி வைத்தது. ஆட்சி மாறிய பின் செயலக ஊழியர்களே பென்ஷனைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஊர் முழுக்கத் தெரிந்தவர் பழைய கரணமும்தான்! தெரிந்தவர் கையில் தீர்ப்பும் இருந்தால் என்ன ஆகும் என்று ஆந்திரக் கிராமத்தாரைக் கேளுங்கள்.

பிரேசில் நாட்டுக்காரர்கள் 2003இல் தொடங்கிய குடும்ப உதவித் திட்டத்தில் ஒரு நல்ல வழி கண்டார்கள். குடும்பங்களைத் தேடிப் பதிவு செய்வது நகராட்சியின் வேலை. பணமோ மத்திய அரசிலிருந்து நேராக, பெரும்பாலும் தாயின் பெயரிலுள்ள அட்டைக்கு வந்துவிடும். தேடுவது கீழே, உரிமை மேலே. நம் நாட்டில் ரேஷனுக்கு ஏறக்குறைய இதைச் செய்யலாம். ஆனால் எத்தனை பேருக்கு என்ற கணக்கே இன்னும் 2011 ஜனத்தொகையை வைத்துத்தான். இஸ்திரிக்காரரின் இளைய மகள் அப்போது பிறக்கவேயில்லை.

கார்டே கேட்காத ஒரு சோறும் இந்த ஊரில் உண்டு. 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகம் திறந்தது. 2014இல் ஹைதராபாத் மாநகராட்சி ஐந்து ரூபாய்ச் சாப்பாடு தொடங்கியது. நாம்பள்ளியிலோ கோட்டியிலோ ஆஸ்பத்திரிப் பக்கம் மத்தியானம் போய்ப் பாருங்கள். ஆட்டோக்காரர், ஒடிசாவிலிருந்து வந்த சித்தாள், பரீட்சைக்குப் படிக்கும் பையன், நோயாளிக்குத் துணை வந்த கிழவர் எல்லோரும் ஒரே வரிசையில் தட்டு ஏந்தி நிற்பார்கள். எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் மாநகராட்சியின் காரியங்கள் என்பதை முதல் நண்பருக்காக இங்கே குறித்து வைக்கிறேன்.

கடைசியாக, நம் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வேலை செய்பவர், கட்டட வேலைக்கு வந்தவர், பூ விற்பவர் என்று தமிழ்நாட்டுக் கார்டு வைத்திருப்பவர் யாராயிருந்தாலும் கார்டின் முகப்பில் உள்ள எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 'பி.எச்.எச்.' அல்லது 'பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய்.' என்றிருந்தால், தனியாக மனு எதுவும் போடாமலே, கார்டு எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லி, இங்குள்ள எந்த 'சௌக்க தரல துகாண'த்திலும் விரல் வைத்து மத்திய அரசின் பங்கைப் பெறலாம். குடும்பத்தின் பங்கு முழுவதையும் இங்கேயே வாங்க வேண்டுமென்பதில்லை. இங்கிருப்பவர் ஒரு பகுதியை வாங்க, ஊரிலிருக்கும் பெரியவர் மீதியை அங்கே வாங்கலாம். 'மேரா ரேஷன்' என்ற கைப்பேசிச் செயலியில் தமிழும் இருக்கிறது. 'என்.பி.எச்.எச்.' என்றிருந்தால் இங்கே அலைவது வீண். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வட்ட வழங்கல் அலுவலகத்தில் முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கும்படி மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்கத்துக்கு வரட்டும். நானும் இன்னும் இருவரும் பேனாவோடு உட்கார்ந்திருப்போம். கார்டின் நகலும், குடும்பத்தார் எல்லோருடைய ஆதார் நகலும் கொண்டுவரச் சொல்லுங்கள்.